குடும்பத்தோடு பினாங்கு வருகிறவர்கள் சமையல் வகுப்புக்குப் போகலாமா?

திருச்சியிலிருந்து கணவர், மாமியார், பதினொரு வயது மகள், ஆறு வயது மகன் ஆகியோருடன் நான்கு நாள்கள் பினாங்கில் தங்கப்போவதாகவும், அதில் ஒரு முற்பகலைச் சமையல் வகுப்புக்குக் கொடுப்பதா என்று வீட்டில் வாதம் நடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஊர் சுற்ற வந்த இடத்திலும் அடுப்படியா என்பது உங்கள் கணவரின் கேள்வி. மாமியார் சைவம். பிள்ளைகள் அரை மணி நேரத்தில் சலித்துவிடுவார்களோ என்பது உங்கள் கவலை.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். இடைநிலைப்பள்ளியில் மனையியல் கற்பித்து ஓய்வு பெற்ற பின், சீன, மலாய்க் கலப்பு மரபில் வந்த பெரானாக்கான் குடும்பத்தைச் சேர்ந்த என் தோழி தன் வீட்டில் நடத்தும் சமையல் வகுப்புக்குத் தமிழ்க் குடும்பங்கள் வரும்போதெல்லாம் மொழிபெயர்த்துச் சொல்லவும் கைவேலைக்கு உதவவும் சென்று வருகிறேன். அவள் பெயரையோ இடத்தையோ இங்கே சொல்லப்போவதில்லை, பதில் விளம்பரமாகிவிடும். வந்துபோன குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஏற்பட்ட கருத்து இதுதான்: தாராளமாகப் போகலாம், ஆனால் நம் வீட்டு அடுப்படியில் இல்லாத ஒன்றைக் கற்றுத் தரும் வகுப்புக்கு மட்டுமே போக வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறிவிடுகின்றன.

இங்கு நடக்கும் வகுப்புகளில் கணிசமானவை ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. கொத்தமல்லி விதை எது, சீரகம் எது, தேங்காய்ப்பாலை எப்படிப் பிழிவது, கறிவேப்பிலையை ஏன் எண்ணெயில் போடுகிறோம் என்பதற்கே முதல் ஒரு மணி நேரம் போய்விடும். அவர்களுக்கு அது புதுமை. உங்கள் மாமியாருக்கு அதை யாரேனும் கற்பிக்க முனைந்தால் சிரிப்புத்தான் வரும். மலாய் மொழியில் குழம்புக்குக் காரி, ஆப்பத்துக்கு ஆபம், கடைக்குக் கெடாய், மாம்பழத்துக்கு மெம்பெலாம் என்று நம் சொற்களே புழங்குகின்றன; இடியாப்பத்தைப் புத்து மாயம் என்று தெருவில் கூவி விற்கிறார்கள். ஆகவே கோழிக்கறி, நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய், பருப்பு என்று போட்டிருக்கும் பட்டியலைக் கண்டு, பிள்ளைகள் சாப்பிடுவார்களே என்று பதிவு செய்துவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து வந்த என் நாத்தனார் குடும்பத்தை அப்படி ஒரு வகுப்புக்கு நானே அழைத்துச் சென்று அவமானப்பட்டேன். மசாலா ஏற்கெனவே அரைத்து டப்பாவில் இருந்தது. ஒருவர் மேடையில் நின்று சமைத்தார். இருபது பேர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தோம். கடைசியில் ஆளுக்கொரு கிண்ணம் கோழிக்குழம்பு வந்தது. இதற்கா கடல் தாண்டி வந்தோம் என்று நாத்தனார் கேட்கவில்லை, முகம் கேட்டது.

நமக்குப் புதிதாக இங்கே கிடைப்பது ரெம்பா. ஈரமாக அரைத்த மசாலா விழுதுக்கு, நோன்யா எனப்படும் பெரானாக்கான் அடுப்படியிலும் மலாய் அடுப்படியிலும் அதுதான் பெயர். நாமும்தான் மசாலா அரைக்கிறோம் என்று தோன்றும். வேறுபாடு அரைப்பதில் பாதி, வதக்குவதில் பாதி இருக்கிறது. நம் தாளிப்பில் கடுகோ சோம்போ பட்டையோ முழுதாக எண்ணெயில் விழுந்து மணத்தை விட்டுக்கொடுக்கும். பிறகு வெங்காயம், தக்காளி, பொடி என்று அடுக்கிக்கொண்டே போவோம். இங்கே மணப்பொருள் முழுவதையும் ஒரே விழுதாக்கி, நம் கணக்குக்கு அளவு மீறியது என்று தோன்றுமளவு எண்ணெயில் கொட்டி, மிதமான தீயில் கால் மணி நேரத்துக்கும் மேலாகக் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். முதலில் பச்சை வெங்காய நெடி வரும். அடுத்து நீர் வற்றும். நிறம் செங்கல்லிலிருந்து அரக்குக்கு மாறும். கடைசியில் விழுது எண்ணெயைக் கக்கி ஓரத்தில் சிவப்பாகத் தேங்க விடும். அந்த நிலைக்கு மலாயில் பெச்சா மிஞ்ஞாக் என்று பெயர்; எண்ணெய் உடைவது என்று பொருள். எண்ணெய் பிரிந்து வர வேண்டும் என்று நம் அம்மாக்கள் சொல்வதற்கு நேரான சொல்தான், ஆனால் அதற்காக இவர்கள் காத்திருக்கும் நேரம் நாம் காத்திருப்பதைப் போல இரண்டு மடங்கு. அவசரப்பட்டு முன்னதாகவே தேங்காய்ப்பாலை ஊற்றினால், எத்தனை விலையுயர்ந்த பொருள்களைப் போட்டிருந்தாலும் குழம்பில் பச்சை வாடை அடித்துக்கொண்டே இருக்கும். இந்த ஒரு நிலையைக் கண்ணாலும் மூக்காலும் அறிந்துகொள்வதற்காகவே ஒரு முற்பகலைக் கொடுக்கலாம்; காணொளியில் நிறம் தெரியும், மணம் மாறுவது தெரியாது.

அரைப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. உரலில் இடிக்கும்போது நார் மிகுந்தவை முதலில் விழ வேண்டும்: செராய் என்னும் எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டு, லெங்குவாஸ் என்னும் பேரரத்தை, பச்சை மஞ்சள். அவை நைந்த பிறகு புவா கெராஸ் என்ற கொட்டை, ஊறவைத்து விதை நீக்கிய காய்ந்த மிளகாய், பூண்டு. சின்ன வெங்காயத்தைக் கடைசியில்தான் போட வேண்டும். முதலில் போட்டால் அது விடும் நீரில் மற்றவை வழுக்கிக்கொண்டு ஓடுமேயொழிய மசியாது. மின் அரைவையில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு நீர் ஊற்றி அரைத்தால் விழுது குழம்பாகிவிடும், எண்ணெயில் போட்டால் வதங்காமல் வேகும். ஒரு கிலோ கோழிக்கு என் தோழி எடுத்துக்கொள்ளும் அளவு ஏறக்குறைய 200 கிராம் சின்ன வெங்காயம், 15 காய்ந்த மிளகாய், 6 பல் பூண்டு, 2 தண்டு செராய், சுண்டுவிரல் நீளத்துக்குப் பேரரத்தையும் அதே அளவு மஞ்சளும், 5 கொட்டை, சுட்டுப் பொடித்த பிளாச்சான் ஒரு தேக்கரண்டி. பிளாச்சான் என்பது பொடி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து அழுத்திய கட்டி. பச்சையாக முகர்ந்தால் கருவாட்டுக் கூடையே தலைகுப்புறக் கவிழ்ந்ததுபோல் இருக்கும். சுட்ட பிறகு அதுவே பசியைக் கிளப்பும். புவா கெராஸ் பார்வைக்கு வறுத்த கடலைபோல் வெளுப்பாக இருக்கும், பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ள வாய்ப்புண்டு. அதைப் பச்சையாகத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும் என்பதால், உரலுக்குப் பக்கத்தில் உங்கள் மகன் நிற்கும்போது ஒரு கண் அவன் மேல் இருக்கட்டும்.

இதனால்தான் மலாய் வகுப்பு, நோன்யா வகுப்பு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். என் சாய்வு நோன்யா பக்கம். பல தலைமுறைகளுக்கு முன் இந்தத் தீவுகளில் குடியேறிய சீனர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான பெரானாக்கான் சமூகத்தின் சமையல் அது. பெண்களை நோன்யா என்றும் ஆண்களை பாபா என்றும் அழைப்பார்கள். அதிலும் பினாங்கு நோன்யாவுக்கும் மலாக்கா நோன்யாவுக்கும் நாக்கு வேறு. தெற்கே மலாக்காவில் தேங்காய்ப்பாலும் இனிப்பும் தூக்கலாக இருக்கும். வடக்கே நாங்கள் தாய்லாந்தின் அண்டை வீட்டார் என்பதால் புளிப்பும் காரமும் பச்சிலை மணமும் மேலோங்கும். காவிரிக்கரை நாக்குக்குப் பினாங்குப் புளிப்பு உடனே ஒட்டிக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு வகுப்பில் மூன்று உணவுக்கு மேல் கற்பிப்பதாகச் சொன்னால் சற்றே சந்தேகப்படுங்கள். ரெம்பாவை நேர்மையாக வதக்கினால் மூன்று மணி நேரத்தில் அதற்கு மேல் முடியாது. காரி கப்பித்தான் நல்ல தொடக்கம்: ரெம்பாவில் கோழியை வேகவிட்டு, தேங்காய்ப்பால் சேர்த்து, லீமாவ் பூருட் என்னும் எலுமிச்சை வகையின் மண இலையைக் கிழித்துப்போட்டு, இறக்கும்போது எலுமிச்சை பிழிவார்கள். பெயரைக் கேட்டால் நம் கறி, தொட்டுப் பார்த்தால் வேறொன்று. அந்த இடைவெளியை உணர்வதுதான் பாடம். ஆசாம் லக்சாவும் நல்லது. இங்கே கெம்போங் என்று விற்கும் கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, புளியோடு ஆசாம் கெப்பிங் என்ற காய்ந்த புளிப்புக்காய்த் துண்டுகளையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, கெசோம் என்ற மண இலையும் புங்கா கந்தான் என்ற இளஞ்சிவப்பு மொட்டும் போட்டு, அரிசி நூலின் மேல் ஊற்றுவது. தேங்காய்ப்பால் கிடையாது. மீன்குழம்பு ஊற்றிய இடியாப்பம் என்று முதலில் நினைப்பீர்கள். அந்த மொட்டின் மணம் மூக்கில் ஏறியதும் நினைப்பை மாற்றிக்கொள்வீர்கள். ரெண்டாங் மட்டும் மூன்று மணி நேர வகுப்புக்குப் பொருந்தாது. தேங்காய்ப்பால் முழுவதும் வற்றி, வறுத்து இடித்த தேங்காயான கெரிசிக் சேர்ந்து, இறைச்சி கறுத்துச் சுருளுவதற்கு அரை நாள் அடுப்பருகே இருக்க வேண்டும். வகுப்பில் கிடைப்பது அதன் சாயல்தான்.

சந்தையிலிருந்து தொடங்கும் வகுப்பென்றால், கட்டணம் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள். இதில் நான் சற்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பினாங்கு சாலையிலுள்ள சௌரஸ்தா சந்தை, நாற்சந்தி என்று பொருள்படும் இந்துஸ்தானிப் பெயரைத் தாங்கி நிற்பது; உள்ளே மீனும் காய்கறியும், முன்பக்கத்துக் கடைகளில் சாதிக்காய் ஊறுகாயும் பல நிறத்துப் பழ ஊறல்களும். சாதிக்காயின் கொட்டையை மட்டுமே அறிந்த நமக்கு, அதன் சதைப்பற்றைச் சீவிச் சர்க்கரையில் ஊறவைத்துத் தின்பார்கள் என்பதே வியப்பு. பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம் அது. இன்றும் தீவின் மேற்குப்புறத்தில் பாலேக் பூலாவ் பக்கம் காய்க்கிறது.

சந்தையில் உங்கள் மாமியாரை முன்னால் நடக்க விடுங்கள். கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, வகுப்புக்கு வர விருப்பமில்லாமல் கைத்தடியைத் தட்டிக்கொண்டே வந்தவர், பச்சைப் பேரரத்தையை ஒடித்து முகர்ந்ததும் நின்றுவிட்டார். நாட்டுமருந்துக் கடையில் காய்ந்த குச்சியாகச் சித்தரத்தையை வாங்கிக் கஷாயத்தில் போட்டவருக்கு, அதன் பெரிய உறவுக்காரி சாறும் மணமுமாகக் கறிக்கு வருகிறாள் என்பது செய்தி. அதற்குப் பிறகு கேள்வி கேட்டது அவர், பதில் தேடித் திண்டாடியது நாங்கள். பேரப்பிள்ளைகளுக்குச் செராயையும் பலகாரத்துக்கு மணமூட்டும் பாண்டான் இலையையும் அவரே விளக்கிக்கொண்டு வந்தார். சுற்றுலாவில் எல்லா இடத்திலும் பின்தங்கி நடக்கிற முதியவர்கள் சந்தையில் மட்டும் வழிகாட்டிகளாகிவிடுகிறார்கள்.

இனி மாமியாரின் சைவம். இது எளிதில் தீர்வதுபோல் தோன்றித் தீராத சிக்கல், ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சைவம் என்றால் இறைச்சி இல்லை என்று புரிந்துகொள்கிறவர்கள் இங்கே பலர் உண்டு. கங்கோங் கீரை வதக்கலில் இறைச்சி இருக்காது, பிளாச்சான் இருக்கும். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கோடு வரும் சம்பால் என்ற மிளகாய் விழுதில் நெத்திலி இருக்கும். பழக்கலவையான ரோஜாக்கின் மேல் ஊற்றும் கறுப்புக் கூழும் இறால்தான். ஒருமுறை நகரின் வேறொரு வகுப்பில், சைவம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்த குடும்பத்துக்கு, காய்கறி லக்சா என்று நெத்திலி கொதித்த நீரில் செய்து வைத்துவிட்டார்கள். ஏமாற்றும் எண்ணமில்லை, மீன் கண்ணுக்குத் தெரியாததால் அவர்கள் கணக்கில் அது இல்லை. எனவே பதிவு செய்யும்போது சைவம் என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்காமல், பிளாச்சான், நெத்திலி, காய்ந்த இறால், மீன் சாறு, சிப்பிச் சாறு, முட்டை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்குங்கள். பிளாச்சானுக்கு மாற்றாகத் தாவ்ச்சூ என்னும் புளித்த சோயா விழுது போடத் தெரிந்த ஆசிரியர் என்றால் நம்பலாம். தனி உரல், தனி வாணலி கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். ஒரே உரலில் பிளாச்சான் இடித்துவிட்டு கழுவித் தருவதை உங்கள் மாமியார் ஏற்பாரா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு. பினாங்குச் சீனர்களிடம் பௌத்த வழிச் சைவ உணவு மரபு வலுவாக இருக்கிறது. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் விழா நடக்கும் நாள்களில் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் தெருவெங்கும் முளைத்துவிடும். வெங்காயமும் பூண்டும்கூட விலக்கப்பட்ட சமையல் அது. நம் விரத நாள் சமையலுக்குப் பக்கத்து வீடு. அந்த மரபில் வந்த ஆசிரியர் கிடைத்தால் மாமியாருக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் வெங்காயமில்லாமல் ரெம்பா கிடையாது என்பதால் நான் மேலே சொன்ன பாடம் உங்களுக்குக் கிடைக்காது. ஒரே குடும்பத்துக்குள் இந்த இரண்டையும் எப்படிச் சமன் செய்வது என்பதற்கு என் யோசனை: அசைவ உணவு ஒன்று, முழுச் சைவ உணவு ஒன்று, இனிப்பு ஒன்று என்று கேட்டுவாங்குங்கள். அரைத்த ரெம்பாவை பிளாச்சான் சேர்க்கும் முன்னரே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் தாவ்ச்சூவும் தோஃபுவும் கத்தரிக்காயும் போட்டுக்கொள்ளலாம். சிறிய வீட்டு வகுப்புகளில் இதற்கு இணங்குவார்கள். பெரிய குழு வகுப்புகளில் இணங்குவது அரிது. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி பற்றிய விலக்குகளையும் முன்பே எழுதிவிடுங்கள். மலாய் வகுப்புகளில் பன்றி இருக்காது, ரெண்டாங்குக்கு மாடு வரலாம். சீன, நோன்யா வகுப்புகளில் பன்றிக்கொழுப்பு வரலாம். கோழிக்கு மாற்றிக்கொள்வதில் யாருக்கும் சிரமமில்லை.

பிள்ளைகளைப் பற்றி நீங்கள் நினைக்குமளவு கவலைப்பட வேண்டியதில்லை, வேலை கையில் இருக்கும்வரை. ஆறு வயதுக்காரனுக்கு ஓண்டே ஓண்டே பொருத்தம்: பாண்டான் சாறு கலந்த பச்சை மாவுக்குள் குலா மலாக்கா என்னும் தென்னஞ்சர்க்கரைத் துண்டை வைத்து உருட்டி, கொதிநீரில் போட்டு, மிதந்து வந்ததும் தேங்காய்த் துருவலில் புரட்ட வேண்டும். நம் பூரணக் கொழுக்கட்டைக்குத் தம்பிதான்; கடித்தால் உள்ளிருந்து வெல்லப்பாகு பீறிடும், சட்டையில் கறை படியும். ரொட்டி ஜாலா பதினொரு வயதுக்கு ஏற்றது. பல துளைகள் உள்ள குவளையில் மாவை ஊற்றி, சூடான தட்டின் மேல் வட்டம் வட்டமாகச் சுழற்றினால் வலைபோன்ற அடை வரும். முதல் நான்கு கிழியும், ஐந்தாவதில் பிடிபட்டுவிடும். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த நீல நீரைச் சோற்றுக்கும் பலகாரத்துக்கும் நிறமூட்டப் பயன்படுத்துகிறார்கள். வேலியோரத்தில் பூத்துக் கிடக்கும் அதே சங்குப்பூ. அந்த நீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும் என்பதை மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

பை டீ என்ற சின்னஞ்சிறு கிண்ணங்களைச் செய்யும் வகுப்பில் மட்டும் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். பித்தளை அச்சை மாவில் தோய்த்து, கொதிக்கும் எண்ணெயில் அமிழ்த்தி எடுப்பது. அச்சுமுறுக்கு சுட்டவர்களுக்கு அதன் ஆபத்து தெரியும். மிளகாய் இடிக்கும்போது கண்ணில் தெறிக்கும் என்பதும், அதே கையால் முகத்தைத் தொடக்கூடாது என்பதும் சொல்லாமலே புரியும். ஆசாம் லக்சாவில் மீனை உதிர்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் முள் தங்கிவிடும். அதைப் பெரியவர்களே செய்யட்டும்.

உங்கள் கணவரைக் கட்டாயப்படுத்தி அழைத்து வராதீர்கள். வேண்டாவெறுப்பாக வந்த ஆண்கள் கைப்பேசியோடு மூலையில் உட்கார்ந்து எல்லாருடைய உற்சாகத்தையும் வடித்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். உரலைக் கையில் கொடுத்ததும் மனம் மாறியவர்களையும் கண்டிருக்கிறேன், மறைப்பானேன். இடிப்பதற்கு வலுவான தோள் வேண்டும், அந்தப் புகழ்ச்சி பல நேரம் வேலை செய்கிறது. அப்படியும் மசியவில்லை என்றால், அவர் அந்த முற்பகலில் குட்டி இந்தியாவைச் சுற்றி வரட்டும். குயின் தெருவில் 1833ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட மகாமாரியம்மன் கோயில், நடக்கும் தொலைவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அந்தச் சுற்றுவட்டாரத்தில் நாசி கண்டார் கடைகள். தோளில் காவுதடி போட்டு, ஒரு முனையில் சோறும் மறு முனையில் கறியுமாகத் தமிழ் முஸ்லிம்கள் சுமந்து விற்ற உணவு அது. கண்டார் என்பது அந்தத் தடியைக் குறிக்கும் சொல். நாலைந்து குழம்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றச் சொல்ல வேண்டுமென்றால் பஞ்சிர் என்று கேட்க வேண்டும். வெள்ளம் என்று பொருள். இதை ஒரு வகுப்பில் கற்க முடியாது. பத்துக் குழம்புகள் தனித்தனியே கொதித்து, தட்டில் கலப்பதுதான் அதன் சுவை; ஐந்து பேருக்கு வீட்டில் செய்வது வீண் வேலை.

நாளைப் பொறுத்தவரை, வந்திறங்கிய மறுநாள் காலை வேண்டாம். இந்தியாவைவிட இங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை எட்டு மணிச் சந்தை உங்கள் பிள்ளைகளின் உடலுக்கு ஐந்தரை மணி. கடைசி நாளும் வேண்டாம், ஏனெனில் வகுப்பில் கண்ட பொருள்களைப் பிறகு தெருவில் அடையாளம் கண்டு சாப்பிடுவதில்தான் பாதி இன்பம். உங்கள் நான்கு நாள்களில் இரண்டாம் நாளின் பிற்பகல் வகுப்போ மூன்றாம் நாளின் காலை வகுப்போ சரியாக இருக்கும். சந்தையோடு கூடிய வகுப்பு என்றால் காலைதான். நண்பகலுக்குப் பின் மீன்கடைகள் கழுவிவிடப்பட்டிருக்கும். சீனப் புத்தாண்டின் முதல் சில நாள்களில் சந்தை வெறிச்சோடிக் கிடக்கும். நோன்பு மாதத்தில் மலாய் ஆசிரியர்கள் வகுப்பு நேரத்தை மாற்றுவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

தங்குமிடம் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் என்றால், அங்கிருந்து மேற்கே தெலுக் பஹாங்கிலுள்ள டிராப்பிகல் ஸ்பைஸ் கார்டனில் சமையல் வகுப்பு நடக்கிறது. மலைச்சரிவில் அமைந்த மணப்பொருள் தோட்டம் அது. சாதிக்காயும் பேரரத்தையும் செடியாக, மரமாக நிற்பதைப் பிள்ளைகள் பார்க்கலாம் என்பது அதன் சிறப்பு. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனிலிருந்து 101ஆம் எண் பேருந்தும் அந்த வழியாகவே செல்கிறது, ஆனால் கடற்கரைச் சாலை வளைந்து வளைந்து போவதால் வயிறு புரட்டும் பிள்ளைகளுக்குக் காலை உணவைக் குறைத்துக்கொடுங்கள். தங்குவது ஜார்ஜ்டவுனில் என்றால் நகருக்குள் நடக்கும் வகுப்பே நல்லது. யுனெஸ்கோ 2008இல் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்த பழைய நகரப் பகுதியில் கடைகளுக்கு முன்னால் ஐந்தடிப் பாதை என்னும் கூரையிட்ட நடைபாதை ஓடுகிறது; மழையானாலும் வெயிலானாலும் முதியவரோடு நடக்கலாம், வழியில் நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிள்களை மட்டும் சுற்றிப்போக வேண்டியிருக்கும். பயணம் மாறிக் கோலாலம்பூரில் மட்டும் தங்குவதானால் அங்கும் வகுப்புகள் உண்டு, சௌ கிட் சந்தை பெரியது. ஆனால் வீடுகளில் நடக்கும் வகுப்புகள் பெரும்பாலும் நகருக்கு வெளியே இருப்பதால் போகவர ஆகும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

பணம் கட்டும் முன் நான்கு செய்திகளை எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பா, அல்லது ஒரு குடும்பத்துக்கு ஒன்றா? மசாலாவை நாமே இடிக்கிறோமா? எத்தனை பேர் சேர்ந்து கற்போம்? சமைக்காமல் உடனிருப்பவருக்கும் முழுக் கட்டணமா? இரண்டாம் கேள்விக்கு, நேரத்தை மிச்சப்படுத்த முன்பே அரைத்து வைத்திருப்போம் என்று பதில் வந்தால் நாகரிகமாக நன்றி சொல்லி விலகிவிடுங்கள். எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் ஆசிரியரின் கண் உங்கள் வாணலியில் படாது. ஆறு வயதுக்காரனுக்குத் தனி இடம் எடுக்க வேண்டாம். உங்களோடு ஒரே அடுப்பில் நிற்கட்டும். வகுப்பு முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவீர்கள், ஆகவே அன்று மதிய உணவுக்குத் தனியாகத் திட்டமிடத் தேவையில்லை. மீதியைக் கட்டிக்கொடுக்க ஒரு டப்பா கொண்டுபோனால் இரவுக்கும் ஆகும்.

ஊருக்கு என்ன எடுத்துப்போவது என்பது அடுத்த கேள்வியாக வரும். பச்சை வேர், கிழங்கு, செடி, விதை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். தாவர நோய்த்தடுப்பு விதிகளின்படி விமான நிலையத்தில் பறிமுதல் செய்வார்கள். ஆசாம் கெப்பிங் காய்ந்த துண்டுகளாகக் கிடைக்கும், ஆனால் அதற்கு உறவான குடம்புளி உங்கள் ஊர்க் கடையிலேயே இருக்கிறது. பிளாச்சான் வாங்கினால் மூன்று உறை போட்டுக் கட்டுங்கள், இல்லையென்றால் பட்டுப்புடவைகள் கடற்கரைக்குப் போய்வந்த கதையாகிவிடும். புவா கெராஸ் கிடைக்காவிட்டால் முந்திரி போதும். அதன் வேலை குழம்பைக் கெட்டிப்படுத்துவதுதான். லீமாவ் பூருட் இலைக்கு, வேப்பிலைக்கட்டி இடிக்க நீங்கள் பறிக்கும் நாரத்தை இலையின் கொழுந்து ஏறத்தாழ ஈடுகொடுக்கும்; நரம்பை நீக்கிவிட்டு மெல்லியதாக அரிந்து போடுங்கள். செராய் இப்போது தமிழ்நாட்டிலும் தொட்டியில் வளர்கிறது. வதக்கிய ரெம்பாவை எண்ணெயோடு சேர்த்தே சிறு சிறு பங்காக உறைபெட்டியில் வைத்துவிட்டால், வேலை முடிந்து வந்த ஒரு மாலையில் கோழியோ தோஃபுவோ போட்டு அரை மணி நேரத்தில் காரி கப்பித்தான் ஆகிவிடும். புங்கா கந்தானுக்கு மட்டும் அங்கே மாற்று எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. இஞ்சிப்பூவும் ஆகாது, புதினாவும் ஆகாது. ஆசாம் லக்சாவை இங்கேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.